தகுந்த பொருள்

பிள்ளை வளர்ப்பது மிகவும் கடினமான காரியம் என்பது, அரசாங்கம் அறிவிக்கும் வரையில் உரும்பிராய்ச் சனங்களுக்குத் தெரியாது. அதற்கு முன் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தம்பாட்டில் குப்புறப் புரண்டன, தவழ்ந்தன, எதையாவது பிடித்துக்கொண்டு எழும்பி நின்றன, விழுந்து அழுதுவிட்டு நடந்தன. இவற்றுள் எதற்கும் எவரிடமும் அனுமதி பெறப்பட்டதாகத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஒழுங்கீனம் இத்தனை காலமாக யாருடைய கண்ணிலும் படாமல் நடந்துவந்திருக்கிறது.

முப்பதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில், அது கொழும்பின் கண்ணில் பட்டது. உடனே ஒரு சுற்றுநிருபம் புறப்பட்டு வந்தது. பிள்ளையை எந்நேரமும் தூக்கி வைத்திருக்காதீர்கள், நிலத்தில் விடுங்கள். அதோடு கதையுங்கள், சிரியுங்கள், விளையாடுங்கள். ஒரு வயதை நெருங்கும் பிள்ளை முன்னால் வைத்த பொருளைக் கைநீட்டி எடுக்கும், எடுத்ததை வாயில் வைத்துப் பார்க்கும். அப்படி எடுக்காத பிள்ளையை ஒருதரம் டாக்டருக்குக் காட்டுங்கள். இவ்வளவுதான் அதில் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு பிழையும் இல்லாத சுற்றுநிருபம். பிள்ளை பெற்று வளர்த்த யாரோ எழுதியிருக்க வேண்டும். ஆனால் பிழையில்லாத ஒரு கடதாசியை வைத்துக்கொண்டு ஓர் அரசாங்கக் கந்தோர் என்னத்தைச் செய்யும்?

அந்தக் கந்தோருக்குச் சிசு விருத்திக் கந்தோர் என்று பெயர். யாழ்ப்பாணப் பட்டினத்தில் புதிதாகத் திறந்திருந்தார்கள். அதன் இன்ஸ்பெக்டர் திருவாளர் செபநாயகம் அவர்கள் அதற்கு முன் சந்தைகளில் தராசும் படிக்கல்லும் சோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். கள்ளத் தராசை, நிறுக்கிறவனின் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது, அவற்றையும் நிறுக்கலாம் என்பது மட்டுந்தான். கலியாணம் முடிக்காத மனிதர். ஆகையால் எந்தப் பிள்ளையின் பக்கமும் சாயமாட்டார் என்று கருதி மேலிடம் அவரை நியமித்திருந்தது.

செபநாயகம் சுற்றுநிருபத்தை வாசித்துவிட்டுக் கொழும்புக்கு ஒரு கேள்வி எழுதினார்: "முன்னால் வைக்கவேண்டிய பொருள் எந்தப் பொருள்?" கொழும்பு இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நெடுநாள் யோசித்துவிட்டு, "தகுந்த பொருள் எதுவாயினும்" என்று மறுமொழி அனுப்பியது. "எதுவாயினும்" என்பது தெளிவில்லாத சொல். ஆகவே செபநாயகம் அதை விட்டுவிட்டார். "தகுந்த" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தகுந்தது எது என்று தீர்மானிப்பதற்காக எங்கள் ஊர்ச் சைவப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் கூடியது. கதிரையில் இன்ஸ்பெக்டர், பக்கத்துக் கதிரையில் எங்கள் ஊருக்குத் தலைமைக்காரரான விதானையார் நமசிவாயம், முன் வாங்குப் பலகையில் படிப்பிக்கிற வேலையை விட்டு இளைப்பாறிய முத்துக்குமாருச் சட்டம்பியார், பின்னால் வெங்காயமும் புகையிலையும் செய்கிற நாங்கள். இன்ஸ்பெக்டர் விஷயத்தை விளக்கியதும் விதானையார் எழும்பினார்.

"ஐயா, பிள்ளைக்கு முன்னாலை பொருள் வைக்கிறது எங்களுக்குப் புதிசில்லை. பல்லுக்கொழுக்கட்டை கொட்டேக்கை வைக்கிறனாங்கள்தானே."

அது உண்மை. பிள்ளைக்கு முதற்பல் காட்டியதும் எங்கள் பக்கத்தில் கொழுக்கட்டை அவிப்பார்கள். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, மாமி முறையான ஒருத்தி கொழுக்கட்டையை மேலே கொட்டுவாள். பிள்ளைக்கு முன்னால் சில சாமான்கள் பரப்பியிருக்கும். பிள்ளை எதை முதலில் தொடுகிறதோ அதுதான் பின்னாளில் அதன் தொழில் என்பார்கள். சனம் சிரித்துவிட்டுக் கொழுக்கட்டையைத் தின்றுவிட்டுப் போய்விடும். இதே சடங்கு செபநாயகத்துக்கும் நடந்ததுதான். ஆனால் அது உத்தியோகபூர்வமானது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னென்ன சாமான் வைப்பியள்?" என்று கேட்டார்.

"ஏடு, பேனை, பொன், நெல்லு, கத்தரிக்கோல், சின்னனாய் ஒரு மண்வெட்டி..."

"இதுகளிலை தகுந்தது எது?"

"பேனைதான் ஐயா," என்றான் பின்னால் நின்ற கனகலிங்கம்.

"நீர் என்ன தொழில்?"

"தோட்டம் ஐயா. வெங்காயம்."

"அப்ப மண்வெட்டி தகுந்ததில்லையோ?"

"மண்வெட்டியைத் தூக்கின பிள்ளையை ஆர் ஐயா சுகமான பிள்ளை எண்டு சொல்லுவினம்?" என்றான் கனகலிங்கம். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகளை உடைய நாங்கள் அத்தனைபேரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினோம்.

மற்றப் பொருள்களும் முறைப்படி ஆராயப்பட்டன. பொன்னை எடுத்தால் வியாபாரி என்றும் சொல்லலாம், கள்ளன் என்றும் சொல்லலாம். நெல்லைக் கோழியும் எடுக்கும். ஏட்டை எடுத்தால் புலவனாகிப் பட்டினி கிடப்பான் என்று சட்டம்பியார் தம் அனுபவத்திலிருந்து சொன்னார். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்" என்று யாரோ அரசாங்க உத்தியோகத்தைப் பற்றிய பழமொழியை எடுத்துவிட, கூட்டம் அத்துடன் முடிந்தது. ஆரோக்கியமான பிள்ளை என்பது பேனையை எடுக்கும் பிள்ளை என ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

இன்னும் ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. எடுக்காத பிள்ளையை டாக்டருக்குக் காட்டவேண்டும் என்றல்லவா சுற்றுநிருபம் சொல்கிறது? டாக்டரோ நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்ய விரும்பாமல், காங்கேசன்துறையில் கடற்கரையோரமாகச் சரக்கு அடுக்க ஆளில்லாமல் சும்மா கிடந்த ஒரு கிட்டங்கியை வெள்ளையடித்து, "சிசு திருத்த விடுதி" என்று பலகை போட்டார்கள். பேனை எடுக்காத பிள்ளை அங்கே அனுப்பப்படும். எடுக்கப் பழகும்வரை அங்கேயே கடற்காற்றில் இருக்கும். தாய்மார் உள்ளே வரக்கூடாது. பிள்ளை பேனையை எடுக்காததற்குக் காரணமே தாய்தான் என்பது கந்தோரின் முடிவு.

பரிசோதனைகள் ஆரம்பமாயின. முதல் நாளிலேயே எங்கள் ஊர் ஞானாம்பிகையின் மகன் பேனையை எடுத்தான். எடுத்ததை, சுற்றுநிருபத்தில் சொன்னபடியே, வாயில் வைத்தான். பேனையில் மை இருந்தது. ஞானாம்பிகை நீலம் பாரித்த வாயோடு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுன்னாகச் சந்தையைச் சுற்றி வந்தாள்.

"வாயைத் துடைச்சுவிடன் பிள்ளை," என்றாள் மரக்கறி விற்கிற ஒருத்தி.

"ஐயோ, துடைச்சால் பாசான பிள்ளை எண்டு எப்பிடித் தெரியும்?"

அந்த மாதத்திலேயே நீலவாய் ஒரு நாகரிகமாகிவிட்டது. கோயிலுக்கு வருகிற பிள்ளையின் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்த காலம் போய், வாய் நீலமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். பரிசோதனை வயது வராத பிள்ளைகளுக்குத் தாய்மார் சலவை நீலத்தைக் குழைத்து உதட்டில் தடவினார்கள். மை குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. அது பேனையோடு சேர்ந்து வருகிற உத்தியோகச் சிரமந்தான் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் கனகலிங்கத்தின் மகன் தில்லையம்பலத்துக்குப் பல் முளைத்தது.

கனகலிங்கத்தின் பெண்சாதி பத்மாசினிக்கு அவன் ஒரே பிள்ளை. இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தபிறகு பிறந்தவன். தில்லை என்று கூப்பிடுவார்கள். கரியன், உருண்டையன். காலையில் நிலத்தில் விட்டால் பின்னேரம் வரையில் வளவு முழுக்கத் தவழ்வான். ஆட்டின் காதைப் பிடிப்பான், தண்ணீர்ச் செம்பைக் கவிழ்ப்பான், மண்ணைத் தின்பான், தாய் தோட்டத்துக்குப் போனால் பின்னாலேயே வந்து பாத்தியில் குந்தியிருந்து பச்சை வெங்காயத் தாரைப் பிடுங்குவான். அவள் களை பிடுங்கிக்கொண்டே அவனோடு கதைத்துக்கொண்டிருப்பாள். அவனும் தன் பாஷையில் அவளோடு வழக்காடுவான். சுற்றுநிருபத்தில் எழுதியிருந்தது எல்லாம் அந்த வீட்டில் நடந்தது. அவர்கள் யாரும் அதை வாசித்திருக்கவில்லை.

பரிசோதனை நாளில் தில்லையை மண்டபத்துப் பாயில் இருத்தினார்கள். முன்னால் சாமான்களைப் பரப்பி, நடுவில் பேனையை வைத்தார்கள். கனகலிங்கத்தின் தமக்கை வழக்கப்படி கொழுக்கட்டையைத் தலையில் கொட்டினாள். சூடு ஆறாத கொழுக்கட்டைகள் உருண்டோடி மடியிலும் பாயிலும் விழுந்தன. தில்லை ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். மற்றக் கையால் இன்னொன்றை எடுத்தான். பேனை கொஞ்சம் இடைஞ்சலாகக் கிடந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு மூன்றாவதைத் தேடினான். எங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது. இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டோம்.

"பிள்ளை பொருளை எடுக்கேல்லை," என்றார் அவர்.

"எடுத்தவனெல்லே ஐயா," என்றாள் பத்மாசினி. "உங்கை பாருங்கோ, ரண்டு கையிலையும் வைச்சிருக்கிறான்."

"அது கொழுக்கட்டை."

"கொழுக்கட்டை பொருளில்லையோ ஐயா?"

"கொழுக்கட்டை சாப்பாடு. சாப்பாட்டை எடுக்கிறது பசி. பொருளை எடுக்கிறதுதான் ஆரோக்கியம்."

"பசிக்கிறது ஆரோக்கியமில்லையோ?"

"சுற்றுநிருபத்திலை பசியைப்பற்றி ஒண்டும் இல்லை."

"அப்ப என்ரை பிள்ளைக்கு என்ன வருத்தம் ஐயா?"

இன்ஸ்பெக்டர் தில்லையை மேலும் கீழும் பார்த்தார். தில்லையும் கொழுக்கட்டையைச் சப்பியபடி இன்ஸ்பெக்டரை மேலும் கீழும் பார்த்தான்.

"நாட்டம் வேறை பக்கத்திலை இருக்கு," என்றார் அவர். "உதை இப்ப திருத்தாமல் விட்டால், கடைசியிலை வெங்காயம் கிண்டுறதிலைதான் வந்து நிக்கும்."

கனகலிங்கத்துக்குப் பெரிய வெட்கமாய்ப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனான். அன்று பின்னேரம் அந்த வெட்கத்தோடேயே கிணற்றுத் துலாவில் ஏறி வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தான்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பெரிய டாக்டர் துரை நேரில் வருகிறார், அவர் முன்னிலையில் தில்லைக்கு இன்னொரு தரம் சந்தர்ப்பம் கொடுக்கப்படும், அதிலும் தவறினால் அன்றைக்கே காங்கேசன்துறை என்று கந்தோர் அறிவித்தது. பத்மாசினி பயந்துபோனாள். அதைச் சொல்வதற்கு அலங்காரமான சொல் ஒன்றும் தேவையில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். பிள்ளை மத்தியானம் நித்திரையாய்க் கிடக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் கேட்காவிட்டால் இவன் பால் குடிக்கமாட்டானே, அந்தக் கிட்டங்கியில் யார் இவனோடு கதைப்பார்கள் என்று நினைத்தாள். முன்பு இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சல் கொண்டுபோனது. காய்ச்சலோடு கதைத்துப் பயனில்லை என்று தேற்றிக்கொண்டவள் அவள். பேனைக்குப் பிள்ளையைக் கொடுப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"சட்டம்பியாரிட்டைக் கொண்டுபோய் விடு," என்றான் கனகலிங்கம். "ஊர் முழுக்க அங்கைதான் போகுது."

முத்துக்குமாருச் சட்டம்பியார் தம் வளவில் ஒரு கொட்டில் போட்டு, "பேனை வகுப்பு" ஆரம்பித்திருந்தார். பல்லில்லாத மாணாக்கருக்குக் கீழ்ப்பிரிவு, பல்லுள்ளவர்களுக்கு மேற்பிரிவு. பத்மாசினி தில்லையைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே எட்டிப்பார்த்தாள். வரிசையாகப் பனையோலைக் கடகங்கள் இருந்தன. ஒவ்வொரு கடகத்துக்குள்ளும் ஒரு பிள்ளை. எல்லாப் பிள்ளைகளின் கைகளிலும் துணி சுற்றியிருந்தது.

"கடகம் என்னத்துக்குச் சட்டம்பியார்?"

"தவழாமல் இருக்கிறதுக்கு. தவழுற பிள்ளை கண்டது கடியதைத் தொடும். கண்டதைத் தொட்டுப் பழகின கை பேனையைத் தொடாது."

"கையிலை ஏன் சீலை?"

"தற்செயலாய் வேறை ஏதும் தட்டுப்பட்டாலும் எண்டுதான். பேனை காட்டேக்கை மாத்திரம் அவிட்டுவிடுவம். பேனையிலை பனங்கட்டிப் பாணி தடவியிருக்கும், ஓடி எடுக்கும். இன்னுமொண்டு பிள்ளை, வீட்டிலை அவனோடை கதைக்கக்கூடாது. கவனம் சிதறிப்போகும்."

"சிரிக்கலாமோ?"

சட்டம்பியார் யோசித்தார். "சோதினை முடியட்டும். பேந்து ஆறுதலாய்ச் சிரிக்கலாம்."

பிள்ளை நன்றாக வளர்வதற்கு அதை நிலத்தில் விடக்கூடாது, கதைக்கக்கூடாது, விளையாட விடக்கூடாது என்ற இடத்துக்கு இப்படித்தான் நாங்கள் படிப்படியாக வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு படியிலும் நியாயம் இருந்தது. எந்தப் படியில் வைத்து யார் மறிப்பது?

தில்லை வகுப்பில் அதிக நாள் நிற்கவில்லை. முதல் நாள் கடகத்தோடு கவிழ்ந்து, அதை முதுகில் சுமந்துகொண்டு கொட்டிலைச் சுற்றித் தவழ்ந்தான். மற்றப் பிள்ளைகளில் ஒன்று அதைப் பார்த்துச் சிரித்துவிட்டது. சட்டம்பியார் தில்லையின் கடகத்தைக் கொட்டில் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார். அடுத்த நாள் தில்லை அழுதான். அதற்கடுத்த நாள் அழுது அழுது குரல் அடைத்து, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து அழுதான். கூட்டிக்கொண்டு போக வந்த பத்மாசினி அதைப் பார்த்தாள். கைத்துணியை அவிழ்த்து எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கனகலிங்கம் துள்ளினான். "உனக்கென்ன விசரே? ஊரிலை எல்லாப் பிள்ளையும் இருக்குதுகள். இவனுக்கு மாத்திரம் ஏலாதோ?"

"ஏலாது."

"அப்ப காங்கேசன்துறைக்குத்தான் போகப்போறான்."

"போகட்டும். நானும் பின்னாலை போவன். உள்ளுக்கு விடாட்டி வாசல்லை இருப்பன். அங்கை இருந்து சத்தமாய்க் கதைச்சால் அவனுக்குக் கேக்கும்தானே."

கனகலிங்கம் வெளியே போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் பிள்ளைதான். ஆனால் அவன் ஆண்பிள்ளையல்லவா. பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். இறுதியில் தன்பாட்டில் ஒரு வழி செய்தான். பெரிய டாக்டர் வருகிற நாளில் விடியவே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய், மேசையில் இருந்த பேனைக்கு ஒருவரும் காணாமல் பனங்கட்டிப் பாணியைத் தாராளமாகத் தடவிவிட்டு வந்தான். அவனுக்கு முன்னும் பின்னும் வேறு சில தகப்பன்மாரும் அதே யோசனையோடு வந்து போயிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது.

பெரிய டாக்டர் துரை சுன்னாகத்தில் கொழும்பு ரயிலைப் பிடிக்கவேண்டிய அவசரத்தோடு வந்தார். அடிக்கடி சட்டைப் பையிலிருந்து சங்கிலி போட்ட தங்க மணிக்கூட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டார். மண்டபத்தில் பாசான பிள்ளைகளை ஒரே வரிசையாகப் பாயில் இருத்தியிருந்தார்கள். எல்லா வாயும் நீலம். ஒரு பிள்ளையும் அசையவில்லை, அழவில்லை, ஈ மொய்த்தாலும் கையை ஓங்கவில்லை. துரை வரிசையின் ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்பு வரை நடந்து பார்த்தார். பிறகு தம் பாஷையில் இன்ஸ்பெக்டரிடம் விசாரித்தார். இன்ஸ்பெக்டர் விதானையாருக்குச் சொல்ல, விதானையார் எங்களுக்குச் சொன்ன விபரம் இது:

"இந்தப் பிள்ளைகள் ஏன் அசையாமல் இருக்கின்றன?"

"மரியாதை, சேர்."

"பேனையை எடுக்குமா?"

"எல்லாம் எடுக்கும், சேர்."

"எடுத்தபிறகு என்ன செய்யும்?"

"வைத்துக்கொண்டிருக்கும், சேர்."

"எவ்வளவு நேரம்?"

"வேறு உத்தரவு கிடைக்கும் வரை."

துரை முப்பது வருஷமாகக் கோறணமேந்து உத்தியோகத்தில் இருப்பவர். இதில் அவருக்கு வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. திருப்தியோடு தலையை ஆட்டினார்.

அடுத்ததாகத் தில்லையைக் கொண்டுவந்து இருத்தினார்கள். இந்த முறை கொழுக்கட்டை தடுக்கப்பட்டிருந்தது. முன்னால் பேனை மட்டும். வாசலில் காங்கேசன்துறைக்குப் போவதற்கு ஒரு திருக்கல் வண்டி மாடு பூட்டியபடி நின்றது. பத்மாசினி ஒரு சின்னப் பொட்டலத்தில் பிள்ளையின் துணிகளைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, தூணோடு சாய்ந்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. "எடு ராசா. அந்தச் சனியனை எடு ராசா."

தில்லை பேனையைப் பார்த்தான். தகப்பன்மார் எல்லோருமாகத் தடவிய பாணியில் ஊரிலுள்ள எறும்பு முழுவதும் கூடியிருந்தது. பேனை கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. தில்லை ஒரு விரலைக் கொண்டுபோனான்; ஒரு எறும்பு ஏறியது; விரலைப் பாயில் தேய்த்துவிட்டுப் பேனையிலிருந்து பின்னுக்கு நகர்ந்தான்.

"எடுக்கேல்லை," என்றார் இன்ஸ்பெக்டர். வண்டிக்காரன் எழும்பினான். பத்மாசினி பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஆனால் பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்ப்பதற்காகத் துரை குனிந்துவிட்டார். குனிந்ததும் சட்டைப் பையிலிருந்து மணிக்கூடு நழுவி, சங்கிலியில் தொங்கி, தில்லையின் மூக்குக்கு நேரே ஆடியது. மினுக்கமான சாமான், உள்ளுக்குள் சத்தம் வேறு. தில்லை ஒரே எட்டில் அதைப் பிடித்தான். பிடித்து வாய்க்குள் வைத்தான். துரை இழுத்தார். தில்லை விடவில்லை. துரை இன்னும் குனிந்தார். முழங்காலில் நின்றார். கொழும்பிலிருந்து வந்த ஒரு துரை உரும்பிராயில் ஒரு பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் நின்றதை நாங்கள் எல்லோரும் எழும்பி நின்று பார்த்தோம்.

துரை எதையோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?" என்று விதானையார் இன்ஸ்பெக்டரின் காதுக்குள் கேட்டார்.

"நல்ல பிடியாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப பாசோ?"

"அவன் பேனையை எடுக்கேல்லையே."

"ஐயா, மணிக்கூடு தகுந்த பொருளில்லை எண்டு எழுதப்போறியளோ?" என்றார் விதானையார் மெதுவாக. "பெரிய டாக்டர் துரையின்ரை மணிக்கூட்டை?"

இன்ஸ்பெக்டர் செபநாயகம் துரையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், தமக்கு மேலே இருக்கிற அத்தனை உத்தியோகத்தையும் ஒருதரம் நினைத்துப் பார்த்தார். சம்பளம் வாங்குகிற எவனுக்கும் அப்படி எழுதுகிற துணிவு வராது. "தகுந்த பொருள்தான்," என்றார். "பேனையைவிடத் தகுந்த பொருள். பேனை கிளாக்கருக்கு. மணிக்கூடு, கிளாக்கர் நேரத்துக்கு வந்தானோ எண்டு பாக்கிற துரைக்கு."

பத்மாசினி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். வாய்க்குள் விரலை விட்டு மணிக்கூட்டை எடுத்துத் துரையின் கையில் கொடுத்தாள். பிறகு அங்கேயே பாயில் இருந்து, தில்லையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான். துரை மணிக்கூட்டைக் கைலேஞ்சியால் துடைத்தபடி ரயிலுக்கு ஓடினார். வண்டிக்காரன் வெறும் வண்டியைக் காங்கேசன்துறைக்கு ஓட்டிக்கொண்டு போனான். அந்த விடுதிக்கு ஒரு பிள்ளையும் கடைசிவரை போகவில்லை. அதற்கு நியமித்த மேற்பார்வையாளரும் உதவி மேற்பார்வையாளரும் கதிரை போட்டிருந்து கடற்காற்று வாங்கினார்கள். இருவருடைய உடம்பும் நன்றாகத் தேறியது.

கதை இங்கே முடிந்திருந்தால் பத்மாசினியைத்தான் இந்த ஊரில் ஒரே புத்திசாலி என்று நான் சொல்லியிருப்பேன். சொல்லவும் ஆசையாய்த்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் ஞானாம்பிகை மகனின் வாயைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவிவிட்டு, அவனையும் தூக்கிக்கொண்டு பத்மாசினி வீட்டுக்கு வந்தாள்.

"உண்மையைச் சொல்லு, அவனுக்கு என்ன குடுத்தனீ?"

"ஒண்டும் குடுக்கேல்லை அக்கா. நிலத்திலை விட்டன்."

"விட்டு?"

"அவன் தவழுவான். நான் கதைப்பன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அக்கா."

"சொல்ல விருப்பமில்லாட்டி விடு," என்று முகத்தை நீட்டிக்கொண்டு போனாள் ஞானாம்பிகை. அவளுக்குப் பின் வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். சட்டம்பியார் கொட்டிலில் இருந்த பலகையைக் கழற்றி, "மணிக்கூட்டு வகுப்பு" என்று எழுதி மாட்டினார். ஊரில் இருந்த இரண்டொரு மணிக்கூடும் பிள்ளைகளின் வாய்க்குள் போய்வந்து நின்றுபோயின. மணிக்கூடும் தகுந்த பொருளே என்று கந்தோர் சுற்றுநிருபத்துக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது.

ஆனால் வந்த சனம் எல்லாம் தில்லையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனது. கோயிலில் பத்மாசினிக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். விதானையாரின் பெண்சாதி அவளை "வாரும், இரும்" என்று மரியாதையாய்ச் சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டாள். "பெரிய டாக்டரையே முழங்காலிலை நிக்கவைச்ச பிள்ளையெல்லே" என்று ஊர் சொன்னது. ஒரு தரம் கேட்டால் சிரிப்பு வரும். நாள்தோறும் கேட்டால், யாருக்கும் அது உண்மைதானே என்று தோன்றத்தான் செய்யும்.

கனகலிங்கம் முதலில் மகனைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவதை நிறுத்தினான். வெயில் பட்டால் பிள்ளை கறுத்துப்போவான் என்றான். பத்மாசினி வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டாள். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையை மண்ணில் விட முடியுமா? பாய் விரித்தாள். பாயை விட்டு இறங்கினால் தூக்கி மடியில் வைத்தாள். களை பிடுங்கக் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். தோட்டத்தில் தனியே இருந்து பிள்ளையோடு வழக்காடிய காலத்தில் அவள் வாயில் வந்த கதையெல்லாம், கதிரையில் இருந்து விருந்தாட்களோடு கதைக்கத் தொடங்கியபின் வரவில்லை.

ஒருநாள் முற்றத்தில் வெங்காயம் காயப்போட்டிருந்தார்கள். அவள் கொண்டையை முடிப்பதற்காகப் பிள்ளையைக் கீழே விட்டாள். தில்லை விடுபட்ட கன்றுபோல் பாய்ந்து தவழ்ந்து போய்க் குவியலில் கையை விட்டு, ஒரு பெரிய வெங்காயமாய்ப் பார்த்து எடுத்து வாயில் வைத்தான். பத்மாசினி ஓடிப்போய்ப் பறித்தாள். புறங்கையில் ஒரு தட்டும் தட்டினாள்.

"பெரிய டாக்டரின்ரை மணிக்கூட்டைப் பிடிச்ச கையாலை வெங்காயம் பிடிக்கிறதே அப்பன்? ஆக்கள் பாத்தால் என்ன சொல்லுவினம்?"

தில்லை வீரிட்டு அழுதான். அடுத்த முறை கொஞ்சம் குறைய அழுதான். பிறகு அழுகை நின்றுவிட்டது. இருத்தின இடத்தில் இருந்தான். முன்னால் எதை வைத்தாலும் கையை நீட்டாமல், எடுக்கலாமோ என்று கேட்கிற மாதிரித் தாயின் முகத்தைப் பார்த்தான். வந்து பார்த்த சனம் மூக்கில் விரலை வைத்தது. இந்த வயதில் இவ்வளவு அடக்கமா என்றது.

"ஓம்," என்றான் கனகலிங்கம் பெருமையோடு. "பிள்ளை நல்லாய் வளர்ந்திட்டான்."